மடிப்பில் பிறக்கும் செங்கோணம்

செங்குத்துக் கோடும் இணைகோடும் கற்பிக்க மூலைமட்டத்தை எடுக்கும் முன், குழந்தையின் கையில் ஒரு கிழிந்த தாளைக் கொடுக்க வேண்டும். ஓரங்கள் கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. கிடைக்கப்போகும் செங்கோணம் தாளின் மூலையிலிருந்து இரவல் வாங்கியதாக இருக்காது.

ஒருமுறை மடித்து நகத்தால் நீவினால் நேர்கோடு. அந்தக் கோடு தன்மேலேயே படியுமாறு மறுபடி மடித்தால் செங்குத்து. பிரித்துப் பார்த்தால் நான்கு கோணங்களும் சமம். ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் படிந்திருந்தவைதானே! பாகைமானியில் 90 என்று வாசிப்பதைவிட இது ஆழமான அறிவு என்பேன். இப்போது இரண்டாம் கோடு தன்மேல் படியும்படி வேறோர் இடத்தில் மடித்தால், முதல் கோட்டுக்கு இணைகோடு வந்துவிடும். ஒரே கோட்டுக்குச் செங்குத்தானவை ஒன்றையொன்று வெட்டா என்பதைக் குழந்தை தானே கண்டு சொல்லும்.

மழலையர் பள்ளிக் காகித மடிப்பிலிருந்து தூண்டுதல் பெற்று, டி. சுந்தர ராவ் ஒரு முழு வடிவியல் நூலே எழுதினார். 1893இல் சென்னையில் வெளியான அதை ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் எடுத்துக்காட்டினார்.

இந்தப் பயிற்சிக்கு நாள்காட்டியில் கிழித்த தாளே போதும். தடித்த அட்டை மட்டும் வேண்டாம்; மடிப்பு வெடித்துக் கோடு பிசகிவிடும்.