தீக்காக்கை காக்கை இல்லைதான், அதனால் என்ன?

தமிழில் பறவைகளைப் பற்றி எழுதுகிறவர்களிடம் கொஞ்ச காலமாக ஒரு போக்கைக் கவனித்து வருகிறேன். ஆங்கிலப் பெயரை எடுத்து, சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, அதையே 'சரியான பெயர்' என்று வைத்துவிடுகிறார்கள். மக்கள் வாயில் இருந்த பெயர் 'அறிவியலுக்கு ஒத்துவராது' என்று ஓரமாகப் போய்விடுகிறது. இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க, தீக்காக்கையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் மலபார் ட்ரோகன்.

பார்க்காதவர்களுக்காக: ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். ஆணுக்குத் தலையும் மேல்மார்பும் கரி நிறம், அதன் கீழே மெல்லிய வெள்ளைப் பட்டை, அதற்கும் கீழே வயிறு முழுக்கக் கருஞ்சிவப்பு. ஆனைமலை, களக்காடு மாதிரி ஈரமான மலைக்காடுகளில் நிழலான கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பூச்சிதான் முக்கிய உணவு. ஆள் அரவம் கேட்டால் சிவப்பை மறைத்து, பழுப்பு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே இருக்கும் பறவைகள் பல உண்டு. ஆனால் முதல் விரலும் இரண்டாம் விரலும் பின்னால் திரும்பியிருப்பது ட்ரோகன் குடும்பத்தில் மட்டும்தான்.

ஆக, காக்கைக்கும் இதற்கும் உறவே இல்லை. 'தப்பான பெயர்' என்பவர்கள் சொல்வது உண்மைதான். சரி, மற்ற பெயர்கள் யோக்கியமா என்று பார்க்க வேண்டாமா?

'மலபார்' என்கிறோம். ஆனால் இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் இலங்கையிலும் இருக்கிறது. 1769-இல் தாமஸ் பென்னன்ட் தன் 'இந்தியன் ஜூவாலஜி' நூலில் இதை விவரித்தபோது கையில் இருந்தது இலங்கைச் சரக்கு. அங்கே டச்சு ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவெர் என்ற ஓவியரை வைத்துப் பறவைகளை வரைந்து வாங்கியிருந்தார். மலபாருக்கும் முதல் விவரிப்புக்கும் சம்பந்தமில்லை. 'ட்ரோகன்' என்றால் கிரேக்கத்தில் கொறிப்பது. பேரினப் பெயர் 'ஹார்பாக்டிஸ்' என்றால் கொள்ளைக்காரன்! காட்டிலேயே சாதுவாக உட்கார்ந்திருக்கிற பறவைக்கு இந்தப் பட்டம். 'ஃபேசியேட்டஸ்' என்றால் பட்டை உள்ளது. ஓவியத்தில் பட்டை கண்ணில் பட்டிருக்கிறது. காட்டில் பார்த்தவன் கண்ணில் பட்டது தீ. மலையாளத்திலும் இதே பெயர்தான், தீக்காக்க.

அடுத்து 'காக்கை'. எங்க கம்மாபுரம் பக்கம் தீக்காக்கை கிடையாது, வரவும் வராது. ஆனால் மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும், ஏரியில் நீர்க்காகம் முங்கும். பனங்காடை காடை இல்லை, நீர்க்காகம் காகம் இல்லை. இதில் யாரும் ஏமாந்துபோகவில்லை. தெரிந்த ஒரு பறவையைப் பிடித்து, அதன் முன்னால் இடத்தையோ நிறத்தையோ ஒட்டுவது தமிழ் பெயர் வைக்கும் வழி. ஆங்கிலமும் இதைத்தான் செய்கிறது. குயிலும் இல்லாத, கீச்சானும் இல்லாத ஒரு பறவைக் கூட்டத்துக்கு 'குக்கூ ஷ்ரைக்' என்று பெயர் வைத்தார்கள். நாம் அதை அப்படியே 'குயில்கீச்சான்' என்று மொழிபெயர்த்தோம். அவர்கள் செய்த இரண்டு தப்பும் நமக்கு அறிவியல், நம்மாள் செய்த ஒரு தப்பு மட்டும் அறியாமையா?

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ப்ரைமரி கீ இருக்கும். அது குழப்பமில்லாமல் இருந்தால் போதும். திரையில் மனுஷன் படிக்கிற பெயர் வேறு, அது மனசில் நிற்க வேண்டும். வகைப்பாட்டு வேலையை இலத்தீன் பெயர் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சுமையை ஊர்ப் பெயர் தலையிலும் ஏற்றுவது வீண்.

'தீ' என்ற சொல்லுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. விருத்தாசலம் பீங்கானில் ஏற்றும் நிறம் உலோக ஆக்சைடு. சூளையில் வெந்த பிறகு வெயிலில் வெளுக்காது. இந்தப் பறவையின் சிவப்பு அப்படியில்லை, உணவு வழியாக வரும் கரோட்டினாய்டு. பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்த ட்ரோகன்கள் வெளிச்சம் பட்டுப்பட்டு நிறம் மங்கிப்போகும். மங்கிய மாதிரியைப் பார்த்து இந்தப் பெயர் யாருக்கும் தோன்றியிருக்காது. உயிரோடு பார்த்தவர் வைத்த பெயர் என்பதற்கு அதுவே சாட்சி.

பெயரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்மையான குறை காக்கையில் இல்லை, தீயில் இருக்கிறது. பெண் பறவைக்குக் கருந்தலையும் கிடையாது, வெள்ளைப் பட்டையும் கிடையாது, வயிறு மங்கிய காவி. பெயரை மட்டும் நம்பிக் காட்டுக்குப் போகிறவர் பெண்ணைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் கடந்துபோய்விடுவார். பட்டுப்போன மரத்தில் பொந்து குடைவதும் அடைகாப்பதும் இரண்டும் சேர்ந்துதான். அப்படியிருக்க, படத்திலும் பெயரிலும் ஆணுக்கு மட்டும் இடம் என்பது சரியில்லை. இதற்கு மருந்து பெயரை மாற்றுவது இல்லை. தமிழில் இதைப் பற்றி எழுதும்போது ஆண் படத்துக்குப் பக்கத்தில் பெண் படத்தையும் போடுங்கள். பெயர் சொல்லாமல் விட்டதை விவரணையில் சொல்லிவிடுங்கள். தீக்காக்கை தீக்காக்கையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.