ரிப்பீட் ஆர்டரும் இரண்டு டிஸ்க் பெட்டியும்

2024 ஏப்ரலில் ஒரு நாள் காலை என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. பதினான்கு மாதத்துக்கு முன் நாங்கள் எம்ப்ராய்டரி போட்டுக் கொடுத்த குழந்தைகள் டி-சர்ட்டுக்கு ரிப்பீட் ஆர்டர். நெஞ்சுப் பக்கம் ஒரு யானைக்குட்டி, ஏறக்குறைய பதினோராயிரம் தையல். "அதே டிசைன்தானுங்க, நாளைக்கே பீஸ் அனுப்பறோம்" என்றார்கள். லேப்டாப்பைத் திறந்தால் கோப்பு இருந்தது, பெயரும் அதேதான். ஆனால் நடுவில் வேறொரு பையருக்காக அந்த யானையின் காதையும் அளவையும் மாற்றி, அதே பெயரில் சேமித்திருக்கிறோம். வாரம் தவறாமல் பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தோம். அதிலும் மாற்றிய யானைதான் நின்றது. பழையதன் மேல் புதியது ஏறி உட்கார்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மறுபடி பஞ்சிங் போட, அதாவது டிசைனைத் தையல் கோப்பாக மாற்ற, ஒன்றரை நாள், மறுபடி சாம்பிள், மறுபடி அப்ரூவல். அதுவரை மெஷின் காலி.

அந்த வாரம்தான் வீட்டுக்கு ஒரு நாஸ் பெட்டி வாங்குவது என்று முடிவெடுத்தேன். நாஸ் என்றால் நெட்வொர்க்கில் மாட்டி வைக்கும் சேமிப்புப் பெட்டி. வீட்டிலுள்ள எல்லா லேப்டாப்பும் வைஃபை வழியாகவோ கேபிள் வழியாகவோ தானாகவே அதில் நகல் எடுத்துக்கொள்ளும். டிஸ்க் எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகம் என்று தேடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்தேன்: பதினான்கு மாதத்துக்கு முந்தைய யானையை இது திருப்பிக் கொடுக்குமா?

எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 15 வேலம்பாளையம் முன்பு தனி நகராட்சி. 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. கீழே மெஷின், மேலே குடித்தனம் என்பது இங்கே சாதாரணம். அதனால் 'வீட்டு லேப்டாப்' என்று தனியாக ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் நான்கு. வீட்டுக்காரரின் லேப்டாப்பில் எம்ப்ராய்டரி டிசைன்கள். என்னுடையதில் டேலி கணக்கும் டெலிவரி சலானும் நான் எழுதும் கட்டுரைகளும். மகனுடையதில் கல்லூரிப் பாடம். நான்காவது லேப்டாப், அத்தை சீரியல் பார்ப்பது, ஆனால் கல்யாணப் போட்டோ, காதுகுத்துப் போட்டோ எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. டேலி விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஒரு லேப்டாப் அவ்வளவு நாள் உழைத்தால் அதுவே பெரிது.

பெட்டி வாங்குவதற்கு முன் செலவில்லாத வழியைப் பார்த்துவிடுவோம் என்று, மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் ஓப்பன்மீடியாவால்ட் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். டெபியன் லினக்ஸ் மேல் கட்டிய இலவச மென்பொருள், நன்றாகவே வேலை செய்தது. இரண்டு விஷயம் ஒத்துவரவில்லை. அந்த டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுத்தது. மாதம் 36 யூனிட். இன்னொன்று, நான் ஊரில் இல்லாத நாளில் அது நின்றுபோனால் வீட்டில் வேறு யாருக்கும் அதைத் தொடத் தெரியாது. லினக்ஸ் பழகிய பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதை நான் தைரியமாகச் சொல்வேன். எங்கள் வீட்டுக்குச் சரிவரவில்லை.

பிறகு வாங்கியது சினாலஜி டிஎஸ்224 பிளஸ். தைவான் கம்பெனி, 2023-இல் வந்த மாடல். இன்டெல் செலரான் ஜே4125 பிராசசர், 2 ஜிபி மெமரி, இரண்டு டிஸ்க் போடும் இடம், இரண்டு கிகாபிட் போர்ட். டிஸ்க் இல்லாமல் பெட்டி மட்டுமே முப்பதாயிரத்தைத் தாண்டியது. பிராண்டைப் பார்த்து மயங்கி வாங்கவில்லை. நாஸ் பெட்டிகளின் பழைய கதைகளைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுவதும் பல வீடுகளில், யாரும் தொடாமலே வெறுமையாக்கப்பட்டன. இணையம் வழியாக யாரோ உள்ளே புகுந்து ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டார்கள். 2015-க்குப் பிறகு அந்த மாடலுக்கு அப்டேட்டே வரவில்லை. 2022 ஜனவரியில் க்யூநாப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் பூட்டியது, பெட்டிக்கு 0.03 பிட்காயின் கேட்டார்கள். சினாலஜியும் தப்பவில்லை. 2014-இல் பழைய மென்பொருள் ஓடிய பெட்டிகளை சினோலாக்கர் என்ற ரேன்சம்வேர் பிடித்தது. மூன்றிலும் அடிபட்டவை இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த பெட்டிகள். அதனால் ரவுட்டரில் எந்த போர்ட்டையும் இந்தப் பெட்டிக்காக நான் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து கோப்பு பார்க்கும் ஆசை இருப்பவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது, அல்லது விபிஎன் வழியாக மட்டும் பாருங்கள்.

டிஸ்க் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் என்ற, தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் முறையைப் பயன்படுத்தியதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. ஒரு டிஸ்க் போய் இன்னொன்று மாட்டி மீண்டும் நிரப்பும்போது எஸ்எம்ஆர் திணறும். அப்படி அடுக்காமல் எழுதும் முறைக்கு சிஎம்ஆர் என்று பெயர். கடைக்காரரிடம் "சிஎம்ஆர் டிஸ்க்தானே?" என்று கேட்டு, மாடல் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். ரெட் பிளஸ் சிஎம்ஆர், சீகேட் அயர்ன்வுல்ஃபும் அப்படித்தான். நான் போட்டது 4 டிபி அயர்ன்வுல்ஃப் இரண்டு, மூன்று வருட வாரன்டி. இரண்டும் ஒன்றின் நகல் ஒன்றாக ஓடுவதால் கிடைக்கும் இடம் 4 டிபிதான். பெட்டி, டிஸ்க், யுபிஎஸ், சின்னச் சின்ன சாமான் எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்தை ஒட்டி வந்தது. "ஏம்மா, அந்தக் காசுக்கு ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கியிருக்கலாமே" என்றார் வீட்டுக்காரர். ஒன்றரை நாள் காலியாக நின்ற மெஷினின் கணக்கைக் காட்டினேன். அப்புறம் பேசவில்லை.

முதல் நாள் பேக்கப் நகரவே இல்லை. நொடிக்கு 11 எம்பி. என் லேப்டாப்பில் 380 ஜிபி. இந்த வேகத்தில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம். பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் இணையக் கம்பெனி கொடுத்த மோடத்தில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100 எம்பிபிஎஸ். ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி நடுவில் போட்டதும் அதே வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வைஃபையில் ஐந்து மணி ஆனது. முதல் பேக்கப் மட்டும் கேபிளில் எடுத்துவிட்டால் போதும். பிறகு மாறிய பகுதி மட்டுமே போவதால் வைஃபை தாராளம்.

பெட்டியை முதலில் கீழே மெஷின் பக்கத்தில் வைத்தது தவறு. மூன்றே வாரத்தில் முன்பக்கக் காற்றுத் துளைகளில் நூல் தூசியும் பஞ்சும் படிந்து, டிஸ்க் சூடு 50 டிகிரியைத் தாண்டியது. பனியன் கம்பெனி, நிட்டிங், எம்ப்ராய்டரி எது நடக்கும் கட்டடமானாலும் பெட்டியை அந்தத் தளத்தில் வைக்காதீர்கள். இருபது மீட்டர் கேட்-6 கேபிள் இழுத்து மாடி அறை அலமாரிக்குக் கொண்டுபோனேன், கதவைத் திறந்தபடி விட்டு. இப்போது கோடையிலும் 45-ஐ ஒட்டியே நிற்கிறது. மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் துளைகளைத் துடைக்கிறேன். ராத்திரி அமைதியில் டிஸ்க் கிறுகிறுக்கும் சத்தம் கேட்கும். தலைமாட்டில் வைக்கிற பொருள் அல்ல.

கரண்ட் விஷயத்தில் இந்த ஊருக்கென்றே ஒரு பாடம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். "இன்வெர்ட்டர்தான் இருக்கே" என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போவதை நாஸ் பெட்டிக்குச் சொல்லாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கும். டிஸ்க்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள யுபிஎஸ் வாங்குங்கள், விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இருக்காது. அந்தக் கேபிளைப் பெட்டியில் சொருகினால், கரண்ட் போன ஐந்தாவது நிமிடம் அது எல்லாவற்றையும் மூடிவைத்துப் பத்திரமாகப் படுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடம் என்பது நான் வைத்த கணக்கு, மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். டிஸ்க் ஓடும்போதே 15 வாட்டை ஒட்டித்தான் இழுக்கிறது. இரண்டு மாத பில்லில் அதிகமாகப் போனால் 22 யூனிட்.

இனி யானை விஷயம். சினாலஜியின் ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ் என்ற மென்பொருள் பெட்டியோடு இலவசம். லேப்டாப் முழுவதையும், விண்டோஸ் உட்பட, படம் பிடித்ததுபோல் எடுத்து வைக்கும். நான் வைத்திருக்கும் ஏற்பாடு: கடைசி 30 நாளுக்கு நாளுக்கொன்று, அதன்பின் 12 வாரத்துக்கு வாரத்துக்கொன்று, அதற்கும் பின்னால் 24 மாதத்துக்கு மாதத்துக்கொன்று. ஒரே மாதிரியான பகுதிகளை ஒருமுறை மட்டுமே சேமிப்பதால் நான்கு லேப்டாப்பும் சேர்ந்து இன்னும் 2 டிபியைக் கூடத் தொடவில்லை. டிசைன் ஃபோல்டருக்கு மட்டும் கூடுதலாக சினாலஜி டிரைவ் போட்டிருக்கிறேன். அது ஒரு கோப்புக்கு 32 பழைய வடிவங்கள் வரை வைத்திருக்கும். டிசைனுக்கு அது தாராளம். நாள் முழுக்க மாறும் டேலிக்குப் போதாது, அதற்கு முழு பேக்கப்பே சரி.

2025 செப்டம்பரில் சோதனை தானாகவே வந்தது. ஒரு வருடத்துக்கு முந்தைய கழுத்துப்பட்டி டிசைன் வேண்டும் என்றார்கள், நடுவில் மூன்று முறை மாற்றிய கோப்பு. தேதியைத் தேர்ந்தெடுத்து, ஃபோல்டரைத் திறந்து, கோப்பை எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுக்க நான்கு நிமிடம். அன்று மத்தியானமே மெஷின் ஓடியது.

அதற்கு முன்பே நானாக ஒரு சோதனை செய்திருந்தேன். மகனின் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்டியைக் கழற்றி, காலி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, பென்டிரைவில் மீட்பு மென்பொருளை ஏற்றி, பெட்டியிலிருந்து முழு லேப்டாப்பையும் திருப்பி எடுத்தேன். ஐம்பது நிமிடத்தில் அவன் வைத்திருந்த வால்பேப்பரோடு அப்படியே எழுந்தது. ஆனால் முதல் முயற்சியில் வைஃபை டிரைவர் இல்லாமல் பென்டிரைவால் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேபிள் சொருகியபின்தான் வந்தது. இந்தச் சிக்கல் நிஜமாகவே லேப்டாப் போன நாளில் வந்திருந்தால் பதறியிருப்பேன்.

இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் நகல் ஒன்று என்பதால் பேக்கப் இரண்டு இருப்பதாக நினைக்காதீர்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, அவ்வளவுதான் அதன் பயன். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் சொல்லிப் பரவலான கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். எங்கள் மூன்றாவது நகல் ஒரு யுஎஸ்பி டிஸ்க். சனிக்கிழமை தோறும் பெட்டியில் மாட்டி, சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் மூலம் பாஸ்வேர்ட் பூட்டோடு எடுத்து, ஞாயிறு அவிநாசியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்விடும். பெட்டியில் உள்ள பேக்கப் ஃபோல்டரை லேப்டாப்பில் டிரைவாக மாட்டி வைக்கவும் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை பரவியதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: லேப்டாப்புக்குள் புகுந்த ரேன்சம்வேர், கைக்கெட்டும் நெட்வொர்க் டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

குறைகளும் உண்டு. 2 ஜிபி மெமரி இந்தக் காலத்துக்குக் குறைவு. நான்கு லேப்டாப்பும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுத்தால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறக்கவே தாமதமாகும். நேரத்தைப் பிரித்து வைத்துச் சமாளிக்கிறேன். 4 ஜிபி கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. 2025-இல் வந்த டிஎஸ்225 பிளஸ்ஸிலும் அதே பழைய பிராசசர், அதே 2 ஜிபி. ஒரு போர்ட் மட்டும் 2.5 கிகாபிட் ஆனது. அதைவிடக் கோபம் வந்தது, அந்த வருட பிளஸ் மாடல்களுக்குத் தங்கள் சொந்த டிஸ்க்கோ தாங்கள் சான்று தந்த டிஸ்க்கோதான் போட வேண்டும் என்று ஏப்ரலில் சினாலஜி சொன்னபோது. வாங்கியவர்கள் உலகம் முழுவதும் எதிர்த்தார்கள். அக்டோபரில் பெட்டியின் மென்பொருளான டிஎஸ்எம் 7.3 வந்தபோது கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். இப்போது சிக்கல் இல்லை. ஆனால் ஒருமுறை அப்படி யோசித்த கம்பெனி என்பதை மனதில் வைத்துத்தான் அடுத்த பெட்டி வாங்குவேன்.

என் தீர்ப்பு இது. ஒரே ஒரு லேப்டாப், அதில் போட்டோவும் பாடமும்தான் என்றால் நாஸ் வேண்டாம். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். மூன்று நான்கு லேப்டாப், அவற்றில் ஒன்றிலாவது பிழைப்பு இருக்கிறது என்றால் இந்த இரண்டு டிஸ்க் பெட்டி கொடுத்த காசுக்குத் தகும். டிஎஸ்224 பிளஸ் குறைந்த விலையில் கிடைத்தால் 225-க்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. பட்ஜெட் இடித்தால் டிஸ்க் அளவைக் குறையுங்கள், யுபிஎஸ்ஸைக் குறைக்காதீர்கள். வாங்கிய முதல் மாதமே ஒரு லேப்டாப்பை முழுதாக மீட்டுப் பாருங்கள். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.