தீவகத்துப் பேச்சைக் கேட்பது எப்படி?

யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கிறபோதே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கதை ஓயாது. முதன்முறை வருகிறவர்கள் ‘இழுத்துப் பேசுகினம்’ என்று ராகத்தோடு நின்றுவிடுகிறார்கள். ராகம் தானாகக் காதில் விழும். தேடிக் கேட்க வேண்டியது சுட்டெழுத்தை.

“தம்பி, உந்தப் பையை இஞ்சாலை தாரும்” என்று ஒரு ஆச்சி கேட்கிறார் என்று வையுங்கள். பை தம்பியின் பக்கத்தில் இருக்கிறது, அதனால் ‘உந்த’. ஆச்சியின் மடியில் இருந்தால் ‘இந்த’. இருவருக்கும் எட்டாமல் அணியத்தில் கிடந்தால் ‘அந்த’. அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. இங்கே மீன் விலை கேட்கும்போதும் வந்து விழுகிறது. பொருளுக்கு மட்டுமா? “உதை விடு மோனை” என்றால், நீ எடுத்த கதையை விடு என்று அர்த்தம். எனக்கு இதைக் கேட்கக் கேட்க அலுப்பதில்லை.

அந்தத் ‘தாரும்’ இருக்கிறதே, அது நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ‘நீர்’. அறியாத முகத்திடம் “நீங்கள் எவடம்?” என்று தொடங்குவார்கள். அடுத்த கேள்வி “ஆற்றை பிள்ளை?” தகப்பன் பெயர் தெரிந்தவுடன் ‘நீங்கள்’ ‘நீர்’ ஆகும், சொந்தம் பிடிபட்டால் ‘நீ’. அந்த மாற்றம் நடக்கும் கணத்தைத் தவறவிடாதீர்கள். நீங்கள் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டீர்கள்.

வேறொரு தீவைப் பாருங்கள்: ஐரிஷ் மொழியில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. அதனால் அயர்லாந்துக்காரர் ஆங்கிலத்திலும் ‘வருகிறாயா?’ என்றால் ‘வருகிறேன்’ என்று வினைச்சொல்லாலேயே பதில் சொல்வதுண்டு. வந்த மொழியைத் தம் வாய்க்கு வளைத்தது தீவகத்திலும் நடந்தது. போர்த்துக்கேயரின் கதிரையும் அலுமாரியும், ஒல்லாந்தரின் கந்தோரும் இன்று ஊர்ச்சொற்கள். ‘காற்று’ என்பதைக் ‘காத்து’ ஆக்காமல், நுனிநாக்கு மேற்பல் ஈறைத் தொட ஒலிக்கிறார்கள். அந்த ஒலியே ஆங்கில ‘ட’கரத்துக்கும் போனது. தீவகத்தின் புங்குடுதீவார் பலர் குடியேறிய நகரை ‘ரொறன்ரோ’ என்று எழுதுவது இதனால்தான்.

படகேற முடியாதவர்கள், அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலை எடுங்கள். மனதுக்குள் படிக்க வேண்டாம், வாய்விட்டுப் படியுங்கள்.