குனிதலும் பார்த்தலும்

பாரி லோபஸின் 'ஆர்க்டிக் ட்ரீம்ஸ்' (1986) நூலை முதலில் படித்தபோது அதன் முன்னுரையோடு எனக்குச் சண்டை மூண்டது. அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில், கோடைத் துவக்கத்தின் இருட்டாத மாலைகளில் அவர் நடக்கிறார். மரமற்ற வெளி. பறவைகள் தரையிலேயே கூடு வைத்து அடைகாக்கின்றன. அவற்றின் முன் அவர் குனிந்து வணங்குகிறார். எழுத்தில் வணங்குகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம். வணக்கம் பறவைக்கா, வாசகனுக்கா?

அப்போது நான் எதிரே நிறுத்தியது நிகோ டின்பெர்கனை. 1932இல் மனைவியோடு கிழக்குக் கிரீன்லாந்து போய், இன்யூட் மக்களிடையே ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியவர். அங்கே 'ஸ்நோ பன்டிங்' என்ற சிறு பறவையைக் கவனித்து எழுதினார். ஆண்கள் சில வாரம் முந்தியே வந்து, பனி விலகாத நிலத்தில் ஆளுக்கொரு எல்லை பிடித்துக்கொள்கின்றன. இன்னொரு ஆண் நுழைந்தால் சண்டை. பெட்டை வந்தாலோ முதுகைக் காட்டி, சிறகின் கறுப்பும் வெளுப்பும் தெரிய விரித்து, விலகி ஓடுகிறது. விலகி ஓடுவதே அழைப்பு. அங்கேயே அவர் பார்த்த செங்கழுத்து ஃபாலரோப்பில் பளிச்சென்ற நிறம் பெட்டைக்கு, நாடிப் போவதும் அதுதான், அடைகாப்பது ஆண். இவ்வளவு இருக்கும்போது வணக்கம் எதற்கு என்று நினைத்தேன். (1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அது இந்த வாதத்துக்குச் சாட்சியாகாது.)

பிறகு ஒரு குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் கொசு உள்ளானைப் பார்த்தேன். சைபீரியத் தூந்திரப் பிரதேசத்தில் முட்டையிடுகிற பறவை. இங்கே அதற்குக் கூடும் இல்லை, காக்க எல்லையும் இல்லை, தின்கிறது, பறக்கிறது. அதன் வாழ்க்கையில் மறுபாதி எனக்குப் பிறர் உரைநடையாக மட்டுமே கிடைக்கும். அப்படியானால் எந்தச் சாட்சியை நம்புவது என்பது வெறும் ரசனை விவகாரமாக இல்லாமல் போய்விடுகிறது.

லோபஸை மறுபடி எடுத்தேன். கொம்பு வானம்பாடி கூட்டைவிட்டு அசையாமல் அவரை முறைக்கிறது. குளிர்ந்த தரை, குறுகிய கோடை. கால் ஒன்று தப்பாக விழுந்து பறவை எழுந்துவிட்டால் முட்டை ஆறிப்போகும். பார்க்கிறவனின் உடம்பே அங்கு ஆபத்து. லோபஸ் அந்த உடம்பை மறைக்கவில்லை. குனிவது, அதை அறிந்தவனின் நடை. நான் படித்தது அவசரத்தில்.

ஆனால் வணக்கத்துக்கு அவர் அர்த்தம் சொல்லப் புகும் பத்திகளை இன்றும் தாண்டித்தான் படிக்கிறேன்.