நடந்த வழியும் அடைத்த வேலியும்

தஞ்சைத் தரணியில் 'வேலி' என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. நிலத்தைக் காக்கும் அரணும் வேலி. இருபது மா கொண்ட நிலப்பரப்பும் வேலி. உடைமையின் அளவுக்கும், அதை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்துக்கும் ஒரே பெயர் வாய்த்திருக்கிறது. வரப்புத் தகராறும் வழிநடைத் தகராறும் காணாத ஊர் நம் நாட்டில் இல்லை. இதனை நம் எழுத்தாளர்கள் எவ்வாறு கண்டனர்? இருவேறு மொழிப் படைப்புகளைக் கொண்டு சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் சென்னை மாகாணத்தில் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. 1891இல் காசியைச் சூழ்ந்த வடபகுதிக்கும் விரிவாக்கப்பட்டது. பிறர் நிலத்தின் வழியே இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, இடையறாமல், உரிமையென்றே கருதி நடந்து வந்தவருக்கு அவ்வழி உரித்தாகும் என்பது அதன் விதி. ஆனால், "போய்வரலாமா?" என்று கேட்டு, "தாராளமாகப் போய் வாருங்கள்" என்ற விடை பெற்று நடந்தவருக்கு எத்தனை ஆண்டு கழிந்தாலும் உரிமை பிறவாது. அது வெறும் அனுமதி. கொடுத்தவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆக, வழக்கின் உயிர்நிலை காலடித் தடத்தில் மட்டும் இல்லை; இருவருக்கிடையே ஒரு சொல் பேசப்பட்டதா, இல்லையா என்பதிலும் இருக்கிறது. சட்டம் மௌனத்தை ஆண்டுக் கணக்கில் அளக்கிறது. அந்த மௌனம் மனிதரை என்ன செய்கிறது என்று அளப்பது இலக்கியத்தின் வேலை.

அவ்வேலையைச் செம்மையாகச் செய்த கதை பிரேம்சந்தின் 'முக்திமார்க்'. ஜீங்குர் கரும்பு விளைவிக்கும் உழவன். புத்து ஆட்டு இடையன். சுற்றிப் போவது தொலைவு என்று எண்ணிய புத்து, ஒருநாள் தன் மந்தையை ஜீங்குரின் கரும்புத் தோட்டத்து ஓரமாக ஓட்டி வருகிறான். ஜீங்குர் தடுக்கிறான், புத்து விட்டுக்கொடுக்க மறுக்கிறான். உழவனின் தடி ஆடுகளின் மேல் பாய்கிறது. புத்து அப்போது மறுமொழி பெரிதாகக் கூறாமல் திரும்பிவிடுகிறான். அந்த அமைதியே கதையில் அச்சமூட்டும் இடம். செய்தது தவறு என்று ஜீங்குருக்குப் பின்னர் உறைக்கிறது. மன்னிப்புக் கேட்க அவன் புறப்படும்போது கரும்பு எரிகிறது. தீ அவன் தோட்டத்தோடு நில்லாமல் ஊராரின் கரும்பையும் உண்கிறது.

பழிக்குப் பழி தொடர்கிறது. நட்புக் காட்டி ஜீங்குர் தன் கன்றைப் புத்துவிடம் ஒப்படைக்கிறான். அது அங்கே இறக்கும்படி ஏற்பாடும் செய்கிறான். பசுக்கொலைப் பழி சுமந்த புத்து, பிராயச்சித்தத்தில் இருந்ததெல்லாம் இழக்கிறான். இறுதியில் இருவரும் ஒரே கட்டட வேலையில் கூலியாட்களாகச் சந்திக்கின்றனர். இரவில் ரொட்டி சுட்டு உண்டபின், கரும்புக்குத் தீ வைத்தவன் தானே என்கிறான் ஒருவன். தெரியும் என்கிறான் மற்றவன். கன்றின் சாவுக்குக் காரணம் தான் என்கிறான் அவன். அதுவும் தெரியும் என்பதே விடை. பின் இருவரும் உறங்குகின்றனர்.

இம்முடிவின் சிறப்பு யாது? அங்கே புதிய உண்மை எதுவும் வெளிப்படவில்லை. இருவரும் முன்பே அறிந்ததைத்தான் பேசுகின்றனர். பேசியதே விடுதலை. பாதையால் விளைந்த பகையின் கதைக்கு 'மார்க்கம்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்த நுட்பமும் இங்கேதான் விளங்குகிறது. ஆயினும் குறை ஒன்று உண்டு. அன்று கரும்பை இழந்த ஊரார் அந்த அடுப்பங்கரையில் இல்லை. இருவரின் சமரசத்தைக் காட்டிய ஆசிரியர், இருவர் பகையில் வெந்த மற்றவர்களை மறந்துவிட்டார் என்றே கூறத் தோன்றுகிறது.

தமிழில் இதனோடு ஒப்பிடத்தக்கது 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. கொங்குநாட்டு மண்ணையும் பேச்சையும் நாவலுக்குள் கொணர்ந்த முன்னோடிப் படைப்பு. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கெட்டியப்பன் தூபம் போடுகிறான். முடிவு சின்னப்பனின் கொலை.

பிரேம்சந்தின் கதையில் சொல் இல்லை என்பது குறை. இங்கே சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அச்சொல் உரியவர் வாயிலிருந்து உரியவர் செவிக்கு நேரே செல்வது அரிது. இடையில் நிற்பவர்கள் அதற்குக் கூர் தீட்டி அனுப்புகின்றனர். நாகம்மாளின் கோரிக்கை நியாயமற்றது என்று ஆசிரியர் எங்கும் தீர்ப்பு வழங்காததே நாவலின் பெருமை. பிரேம்சந்த் இறுதியில் இரக்கம் கொண்டு ஓர் அடுப்பை மூட்டித் தருகிறார். சண்முகசுந்தரம் அந்த ஆறுதலையும் தருவதில்லை. என் வாசிப்பில் வாழ்க்கைக்கு அணுக்கமாக நிற்பது தமிழ் நாவலே.

இதனை ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. எங்கள் ஊரில் வயற்கிணற்றுக்குப் போகும் வழி அண்டை வீட்டாரின் தென்னந்தோப்பு வழியே சென்றது. தாத்தா காலம் முதல் நடந்த வழி. ஒருநாள் அதன் குறுக்கே முள்வேலி எழுந்தது. தந்தையார் நேரே சென்று கேட்கவே விரும்பினார். வழக்கறிஞர் தடுத்துவிட்டார். "கேட்டால் அனுமதியில் நடந்ததாக ஆகிவிடும், உரிமை போய்விடும்" என்றார். சட்டப்படி அந்த அறிவுரையைக் குறை கூற இயலாது. ஆனால் அதன்பின் இரு குடும்பமும் பேசியது நீதிமன்றத்தில் மட்டுமே. தந்தையார் காலமானபோது அடுத்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பால் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. நாங்களும் அழைக்கவில்லை. வழக்கில் வென்றோம். அவ்வழியே நடக்க ஊரில் எங்கள் வீட்டார் எவரும் எஞ்சவில்லை.

அச்சட்டத்தில் வடபுலத்தில் வாழும் நம்மவர் அறியத்தக்க இன்னொரு விதியும் உண்டு. பெற்ற வழியுரிமையும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து நடவாதிருந்தால், பொதுவாக அழிந்துபோகும். எனினும் கூட்டுச் சொத்தாயின் பங்காளிகளுள் ஒருவர் நடந்து வந்தாலும் அனைவருடைய உரிமையும் பிழைத்திருக்கும். ஊரில் தங்கிவிட்ட தம்பியின் காலடி, அயலூரில் கோப்புப் புரட்டும் அண்ணனின் உரிமையையும் காக்கிறது. அதற்காகவேனும் அத்தம்பிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோமா?

இவ்விரு படைப்புகளும் வேலியே வேண்டாம் என்று கூறவில்லை. ஆடு மேயும் ஊரில் கரும்புக்கு வேலி வேண்டும். பங்குள்ள வீட்டில் பாகப்பிரிவினையும் வேண்டும். வேலிக்கு இருபுறமும் நிற்பவர்கள் தாங்கள் அறிந்ததை உரிய காலத்தில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே அவை உணர்த்துவது. ஜீங்குரும் புத்துவும் எல்லாவற்றையும் இழந்தபின் பேசினர். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது அந்தத் தென்னந்தோப்பு வீட்டின் கதவைத் தட்டுவதென்று நான் முடிவு செய்திருக்கிறேன். தீர்ப்பு நகலை எடுத்துச் செல்லப்போவதில்லை.