நெருப்பும் ஆண்மையும்: நித்தியேந்திரனின் சுடுமண் உருவங்கள்

சுடுமண் கலையில் நெருப்பு வெறும் கருவியன்று. ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பத்தைக் கடந்த களிமண், எவ்வளவு நீர் ஊற்றினும் மீண்டும் குழையாது. மறைந்த தந்தையின் உருவமும் பிள்ளைகளின் மனத்தில் அவ்வாறே இறுகிவிடுகின்றது. வெள்ளவத்தை வீடுகளின் சுவர்களில் மாலையணிந்து தொங்கும் தந்தையரின் படங்களில் தளர்ச்சியோ அச்சமோ தென்படுவதில்லை. ஆண்மை எனப்படுவதும் இங்ஙனம் சுட்டெடுக்கப்பட்ட வடிவமேயாகும்.

1988இல் கொழும்பிற் பிறந்து, மறு ஆண்டு குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவிற் குடியேறிய ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன் இவ்வடிவத்தையே கேள்விக்குள்ளாக்குகின்றார். 2016இல் கன்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் ‘மட் மென்’ என்னும் அவரது காட்சி இடம்பெற்றது. அவருடைய உருவங்களில் விரற்றடங்கள் மறைக்கப்படுவதில்லை. வண்ணப்பூச்சு வழிந்து உறைகின்றது. ஆண்குறியும் முலையும் ஓருடலிற் கூடுகின்றன. வீரத்தின் இறுக்கம் நகைப்பாக நெகிழ்கின்றது.

ஆயினும் ஒரு குறை உண்டு. உருவத்தின் பருமையும் பகட்டும் சிற்சில வேளைகளில், அவர் எள்ளும் பீடத்தையே மீளக் கட்டிவிடுகின்றன. தமிழ்நாட்டில், தந்தையிடம் தொழில் பயின்ற வேளார் வனையும் ஐயனார் குதிரைகளை இவற்றோடு ஒப்பிடலாம். காவலின் சின்னமான அவை வெட்டவெளியில் நின்று, வெயிலிலும் மழையிலும் சிதைகின்றன. அருகே புதியவை எழுகின்றன. காவலனுக்கும் முதுமை உண்டென்பதை அம்மரபு மறைக்கவில்லை. கலைக்கூடம் பேணும் நித்தியேந்திரனின் உருவங்களுக்கு அந்த முதுமை வாய்ப்பதில்லை. அவற்றில் எஞ்சும் விரற்றடமே மனிதத் தளர்ச்சிக்குச் சான்று. அவரது கலையின் வலிமையும் அதுவே.