மூக்குக்குப் பேட்டரித் தண்ணீர்

சிபேப் மெஷின் வாங்கப் போகிறேன் என்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மாஸ்க் பழக நாளாகும் என்பார் டாக்டர். சத்தமே வராது என்பார் விற்கிறவர். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு தூங்குகிறவர் எவராவது சிக்கினால், முதல் வாரத்தில் தூக்கி எறியத் தோன்றும், எறிந்துவிடாதீர்கள் என்பார். மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வண்ணார்பேட்டை வீட்டில் இந்த மெஷினோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியதில் என் பொறுமையைத் தின்றது அந்தத் தொட்டிதான்.

மற்றதெல்லாம் தெரிந்த சங்கதி. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மெஷின் காற்றை அழுத்தி அனுப்பி அந்தப் பாதையைத் திறந்தே வைக்கிறது. அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை போகும். ஆட்டோ மாடல் என்றால் தேவையைப் பார்த்துத் தானே கூட்டும், தானே குறைக்கும். ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் கடுமையான ரகம். நான் அந்த ரகம். இப்போது காலையில் திரையில் வருகிற அந்த எண்ணிக்கை 5-க்குக் கீழே நிற்கிறது. குறட்டை போய்விட்டது, மத்தியானத் தூக்கக் கலக்கமும் போய்விட்டது. காற்று ஊதும் வேலையில் இந்தப் பெட்டியோடு எனக்குச் சண்டையே கிடையாது.

என் மெஷினின் கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். நான் குறை சொல்லப்போகிற பாகம் இந்த விலையில் கிடைக்கும் எல்லா மெஷினிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஹியூமிடிஃபையர் என்று பெயர். அரை லிட்டர்கூடப் பிடிக்காத பிளாஸ்டிக் தொட்டி, அடியில் சூடாகும் தட்டு. காற்று அந்தத் தண்ணீரைத் தடவிக்கொண்டு போய் ஈரத்தோடு மூக்கில் ஏறும். மூக்கு வறளாது, தொண்டை காயாது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும் என்கிறது கையேடு.

தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு இதை வாசித்தால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். அல்வா ருசிக்கே இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஊருக்கு வந்தவனிடமெல்லாம் சொல்லி அனுப்புகிற ஆட்கள் நாம். அந்தத் தண்ணீர் இந்தப் பெட்டிக்கு ஆகாதாம். சரி என்று பைபாஸ் பக்கம் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் வேணும்.”

“வண்டிக்கா, இன்வெர்ட்டருக்கா?”

“மூக்குக்கு.”

“மூக்குக்கா? என்ன அண்ணாச்சி சொல்லுதிய!”

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்பதில் பெரும்பகுதி காய்ச்சி வடித்தது கிடையாது. ரெசின் வழியாக ஓட்டி உப்பை மட்டும் பிரித்தெடுத்த தண்ணீர் அது. உப்பு போயிருக்கும், கிருமி போயிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கேனிலேயே பேட்டரிக்கு மட்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் ஸ்டெரைல் வாட்டர் பாட்டில் கிடைக்கும், ஆனால் தினமும் தொட்டியைக் காலிசெய்து புதிதாக நிரப்பினால் மாதத்துக்குப் பத்து லிட்டர் ஆகிறது; கட்டுப்படியாகாது. போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை: அதே அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும் சலைன் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். அது உப்புத் தண்ணீர்.

அப்புறம் நானே ஒரு சோதனை வைத்தேன். சில நாள் போர் தண்ணீர், சில நாள் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர், சில நாள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீர் சீக்கிரமே தட்டின் மேல் வெள்ளை வளையம் போட்டுவிட்டது. குழாய்த் தண்ணீர் அதைவிட மெதுவாக, ஆனால் நிச்சயமாக. ஆர்.ஓ. தண்ணீரில் லேசான தூசி மாதிரி ஒரு படலம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த உப்பு மூக்குக்குப் போவதில்லை. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது, அதனால்தான் வளையம். கெடுவது தொட்டி. மூக்குக்குக் கெடுதல் வருமென்றால் அது தேங்கிய பழைய தண்ணீரால்தான் வரும். என் வழக்கம் இப்போது இது: ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுகிறேன், காலையில் மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன், வாரம் ஒருமுறை ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைக்கிறேன். கையேடு இதை ஒத்துக்கொள்ளாது. நெஞ்சுச் சளி, ஆஸ்துமா, எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்கள் கையேடு சொல்கிற தண்ணீரையே வாங்குங்கள்.

தண்ணீர் கிடைத்தாலும் தொல்லை தீராது. ஏசி போட்ட அறையில் ஒரு இரவு இதை ஓட்டிப் பாருங்கள். தொட்டியிலிருந்து வெதுவெதுப்பாகக் கிளம்புகிற ஈரக்காற்று, குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டுத் துளித்துளியாகத் தண்ணீராகிறது. நடுராத்திரி மூக்கருகே களக் களக் என்று சத்தம். புரண்டு படுத்தால் மாஸ்க்குக்குள் முகம் கழுவல். இதற்கு மருந்தாகச் சூடாகும் குழாய் ஒன்று தனியாக விற்கிறார்கள், தனி விலையில். அதாவது வறட்சிக்குத் தண்ணீரை விற்று, அந்தத் தண்ணீருக்குச் சூட்டை விற்கிறார்கள். காசு செலவழிக்காமலும் வழி உண்டு. மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், குழாய்க்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றுங்கள், இல்லையென்றால் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரோடு மெஷினை எங்கேயும் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். சாய்ந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும்.

கரண்டு விஷயத்துக்கு வருகிறேன். என் வாதமே இங்கேதான் இருக்கிறது. இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே பேட்டரி கிடையாது. கரண்டு போனால் ஊதல் நிற்கும். வாய் மூடும் பெரிய மாஸ்க் என்றால் அதில் ஒரு வால்வு திறந்து வெளிக்காற்றை விடும். மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. மூச்சு முட்டிச் சாவோம் என்ற பயம் வேண்டாம், தூக்கம்தான் போகும். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் சமாளிக்கலாம், அது சைன் வேவ் ரகமாக இருந்தால் நல்லது. ஆனால் காற்று ஊதும் மோட்டார் குடிக்கிற கரண்டு கொஞ்சம்தான். பேட்டரியைக் காலிசெய்வது அந்தச் சூட்டுத் தட்டு. தொட்டியையும் சூட்டுக் குழாயையும் அணைத்துவிட்டால் அதே பேட்டரி பல மடங்கு நேரம் தாங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஆறு வண்ணார்பேட்டைத் தெருக்களுக்குள்ளே, கரண்டு எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. அன்றைக்கு என்னிடம் இந்த மெஷின் இல்லை. இருந்த வீடுகளை இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்த ஊரில் தூங்குகிறவன் தொட்டி இல்லாமல் தூங்கப் பழகியிருக்க வேண்டும்.

பழக முடியுமா? முடிகிறது. மூக்கு வறள்வதற்குப் பெரிய காரணம், தூக்கத்தில் வாய் திறந்துகொள்வது. மூக்கில் ஏறுகிற காற்று வாய் வழியாக வெளியே ஓடினால், மூக்கு ராத்திரி முழுக்கக் காற்றுக்கு வழிவிடும் வாசலாகிவிடும்; எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் காயத்தான் செய்யும். மாஸ்க் ஓரத்தில் கசிந்தாலும் மெஷின் கூடுதலாகக் காற்றை அடித்து ஈடுகட்டப் பார்க்கும். முதலில் கசிவை அடைக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி செய்வது வேறு: வறட்சி என்றதும் ஈரப்பத எண்ணை ஏற்றி வைக்கச் சொல்கிறார். நான் மாஸ்க்கை மாற்றினேன். எனக்கு அடர்ந்த மீசை. மூக்கை மூடிக்கொண்டு மேலுதட்டில் உட்காரும் மாஸ்க் அதன் மேல் ஒருநாளும் ஒழுங்காகப் படியவில்லை. நாசித் துவாரத்தில் செருகிக்கொள்ளும் சின்ன ரகத்துக்குப் போனதும் மீசை தப்பித்தது, கசிவும் நின்றது, வறட்சியில் பாதி தானாகப் போனது. மீசையை எடுத்துவிடுங்களேன் என்று யோசனை சொன்ன விற்பனைத் தம்பி வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

மிச்சத்தைப் பருவம் பார்த்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் ஜன்னல் திறந்து, ஃபேன் மட்டும் போட்டுப் படுத்தால் எனக்குத் தொட்டியே வேண்டியிருக்கவில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது ஈரப்பத எண்ணை ஒன்றில், இரண்டில் வைத்தால் போதும். ஏசி அறை என்றால் மூன்று, நான்கு. எட்டு வரை எண் கொடுத்திருக்கிறார்கள்; எட்டு யாருக்கோ, நமக்கில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுத் தூங்கும் நாடுகளின் வறட்சிக்கு ஏற்ற ஏற்பாடு அது. ஈர எண்ணை நீங்களே மாற்றலாம். அழுத்தத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அடிப்படையில் இது காற்று மெஷின். சிட்னி பல்கலைக்கழகத்தின் காலின் சல்லிவன் 1980-ல் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து ஊதிப் பார்த்து, ஐந்து நோயாளிகளின் கதையை 1981-ல் லான்செட் இதழில் எழுதினார். அப்போது மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி முகத்தில் ஒட்டவே செய்தார்கள். அதை நினைத்தால் என் புகார் சின்னதுதான்.

ஆப் பற்றி ஒரு வரி. காலையில் நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போடும் ஆப் ஒன்று பிரபலம். அதில் 70 மார்க் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தோம் என்பதற்கு. மூச்சுத் தடை எவ்வளவு குறைந்தது என்பதற்கு 5. பள்ளிக்கூடத்தில் பாடம் படித்ததை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டுக்குப் பாஸ் போடுகிற மாதிரி. நான் அதைத் திறப்பதை விட்டுவிட்டேன்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மாடல் எண்ணைக் கேளுங்கள். பிலிப்ஸ் 2021 ஜூனில் தன் பழைய ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும் என்று கம்பெனியே சொன்னது. நம் ஊரில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? 2024 ஜனவரியில் அமெரிக்காவில் புது மெஷின் விற்பதையே நிறுத்த அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்த மாடல்களை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டில் இந்த மெஷினுக்குப் பணம் வராது, கைக்காசுதான். ஆகவே கடையில் மூன்று விஷயம் பார்த்து வாங்குங்கள். மாஸ்க்கை உட்கார்ந்தபடி பார்த்தால் போதாது, படுத்துப் பார்க்க விடுகிறார்களா? 12 வோல்ட் பேட்டரியில் ஓட்ட வயர் தருகிறார்களா? தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட்டுத் தனியாக ஓட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு முடியாது என்று பதில் வந்தால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.